மிதக்கும் வீடு பார்க்கிறீர்களா?

வீடு பார்க்கப் போகும்போது நாம் என்னவெல்லாம் விசாரிக்கிறோம்! குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், சமையலறைப் புகை போக வழி உண்டா, வீட்டுக்காரர் சிடுமூஞ்சியா என்று ஆயிரம் கேள்விகள். சுவரில் ஈரம் பூத்திருந்தால் வாடகையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிவிட்டுக் குடிபோய்விடுகிறோம். அந்த வீடே நடுக்கடலில் மிதக்கிற வீடாக இருந்தால்? ஈரத்தை அவ்வளவு சுலபமாக விட்டுவிட முடியாது, நேயர்களே!

படகு வாங்கும் உத்தேசம் எனக்கு இல்லை. நீந்தவும் தெரியாது. ஆனாலும் எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் என்ற ஆங்கிலேயத் தம்பதியைப் பற்றிப் படித்த நாளிலிருந்து, மரத்தால் கட்டிய பாய்மரப் படகில் குடித்தனம் செய்வதானால் எப்படிப்பட்ட படகைப் பார்ப்பது என்ற யோசனை என்னை விடவில்லை.

அவர்களிடம் முதலில் இருந்தது 24 அடிப் படகு. அதிலேயே 1950-ல் அட்லாண்டிக் கடலில் உள்ள அஸோர்ஸ் தீவுகள் வரை போய் வந்தார்கள். பிறகு உலகத்தையே சுற்றி வர ஆசை வந்தது. நாமாக இருந்தால் ஒரு சின்னக் கப்பலுக்கே ஏற்பாடு செய்திருப்போம்! அவர்கள் 1952-ல் கட்டிக் கொண்டது வெறும் 30 அடிப் படகு. அகலம் எட்டரை அடி இருந்தால் அதிகம். ஓக் மரச் சட்டங்களின் மேல் ஐரோகோ மரப் பலகை. பெயர் 'வாண்டரர் III'. அதாவது மூன்றாவது தேசாந்தரி. லாரன்ட் ஜைல்ஸ் என்பவர் வகுத்துக் கொடுத்த படகு. எரிக்குக் கண் பார்வை மிகவும் குறைவு. இருந்தும் கணவனும் மனைவியுமாக இருவர் மட்டுமே அதே வருஷம் புறப்பட்டு, 1955-ல் உலகைச் சுற்றி முடித்தார்கள். 1959-க்கும் 1962-க்கும் இடையில் அதே படகில் மறுபடியும் ஒரு சுற்று!

இவ்வளவு சிறிய படகு ஏன்? ஒருவர் தூங்கும்போது இன்னொருவர் தனியாகவே பாயை இறக்க வேண்டும், நங்கூரத்தைத் தூக்க வேண்டும். காற்று அடிக்கும் நடு இரவில் அது சூசனின் முறையாகவும் இருக்கலாம். அது மட்டுமா? ஒவ்வொரு பலகையையும் அவர்களே சுரண்டி வர்ணம் பூச வேண்டும். படகின் நீளம் ஒரு பங்கு கூடினால் எடையும் வேலையும் செலவும் பல பங்கு கூடுகின்றன.

பிற்பாடு அவர்கள் ஊரில் இருந்த வீட்டை விற்று விட்டுப் படகிலேயே நிரந்தரமாக வசிக்கத் தீர்மானித்தார்கள். 'இனி இதுதான் வீடு, கொஞ்சம் விசாலமாக இருக்கட்டுமே' என்று யாருக்குத்தான் தோன்றாது? ஹாலந்தில் 49 அடியில் எஃகுப் படகு ஒன்று தயாராயிற்று. அதில் வருஷக்கணக்காகப் பிரயாணம் செய்தார்கள். ஆனால் மனம் ஒட்டவில்லை. வயதாக ஆக, அத்தனை பெரிய பாய்களோடு மல்லுக்கட்டுவதும் பாரமாயிற்று. 1980-ஐ ஒட்டி நியூஸிலாந்தில் 39 அடியில் மறுபடியும் மரப் படகுக்கே வந்து சேர்ந்தார்கள். எரிக் 1986-ல் காலமானார். எத்தனை பெரிய வீடு வேண்டும் என்பதை ஆயுள் முழுவதும் அளந்து பார்த்த தம்பதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, பழைய மரப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. பளபளவென்ற வார்னிஷும் பித்தளை விளக்கும் கண்ணைப் பறிக்கின்றன. கொஞ்சம் பொறுங்கள். மரப் படகுக்கு எமன் யார் தெரியுமா? உப்புத் தண்ணீர் அல்ல, மழைத் தண்ணீர்! உப்பில் மரம் ஊறுகாய் மாதிரி கெடாமல் இருக்கும். மேல்தளத்தின் இடுக்கு வழியாகச் சொட்டி, காற்றுப் புகாத மூலையில் தேங்கும் மழை நீர்தான் மரத்தை இற்றுப் போகச் செய்கிறது. ஆகவே முதலில் மேல்தளத்தின் ஓரங்களையும், ஜன்னல்களின் கீழ்ப்பக்கத்தையும், சமையல் தொட்டியின் அடியையும் பார்க்க வேண்டும். மூக்கையும் உபயோகிக்கலாம். பூசணம் பிடித்த வாசனை பொய் சொல்லாது.

அப்புறம் தட்டிப் பார்ப்பது. கடைத்தெருவில் பானை வாங்கும்போது விரலால் சுண்டிக் காது கொடுக்கிறோமே, அதே சாஸ்திரம்! சிறிய மரச் சுத்தியால் தட்டினால் நல்ல பலகை கணீரென்று பதில் சொல்லும். கெட்டது மொத்தென்று முனகும். சந்தேகமான இடத்தில் கத்தி முனையை அழுத்தினால் தெரிந்து விடும். செம்பு ஆணியா, இரும்பு ஆணியா என்பது அடுத்தது. இரும்பு துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் அரித்து விடும். பித்தளைத் திருகும் கடல் நீரில் வலுவிழந்து உளுத்துப் போகும். உஷ்ணப் பிரதேசக் கடல்களில் மரத்தைக் குடையும் புழு வேறு. அதற்காகத்தான் அந்தக் காலத்தில் படகின் அடியில் செப்புத் தகடு போர்த்தினார்கள். இதையெல்லாம் படகைக் கரையில் ஏற்றித்தான் பார்க்க முடியும். பரிசோதிக்கும் நிபுணரை வாங்குகிறவர்தான் அமர்த்த வேண்டும். விற்கிறவர் அழைத்து வரும் நிபுணர் சம்பந்தி வீட்டு ஜோசியர் மாதிரி!

சமையலிடத்தைப் பொறுத்தவரை நம் ஆசைகளைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். விசாலமான சமையலறை கடலில் அபாயம்; படகு சாயும்போது பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. இடுப்பு இரண்டு பக்கமும் இடிக்கிற இடமே பத்திரம். அடுப்பு ஊஞ்சல் போல் ஆடுவது சட்டியில் உள்ள குழம்பு சிந்தாமல் இருக்கத்தான். அலமாரிக் கதவில் கீற்றுக் கீற்றாக இடைவெளி விட்டிருப்பதும் அழகுக்காக அல்ல, காற்றுக்காக. விலை பேசுமுன் கட்டிலில் ஒரு தரம் படுத்துப் பாருங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அந்த மூன்றாவது தேசாந்தரி என்ன ஆயிற்று என்கிறீர்களா? 1981-ல் அதை வாங்கியவர் ஒரு ஜெர்மானியர். தாமே மரப் படகு கட்டும் தச்சர். பின்னால் மனைவியும் சேர்ந்து கொண்டார். தெற்கே வெகு தூரத்தில் உள்ள தெற்கு ஜார்ஜியத் தீவில், பனிப் பாறைகளுக்கும் பெங்குவின் பறவைகளுக்கும் நடுவே, அந்த 30 அடிக்குள் இரண்டு வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினார்கள். 2011-ல் அமெரிக்கப் பாய்மரப் படகுச் சங்கம் ஒன்று அவர்களுக்குப் பதக்கம் அளித்தபோது படகுக்கு வயது ஐம்பத்தொன்பது.