ராயபுரம் முதல் அத்திப்பட்டு வரை: வடசென்னை ரயில் பாதையும் அதன் கிளைகளும்

வட இந்தியாவில் ஏதோ ஒரு ஸ்டேஷன். நீளமான எக்ஸ்பிரஸ் ஒன்று வந்து நிற்கிறது. என்ஜினின் பக்கவாட்டில் ‘ராயபுரம்’ என்று எழுதியிருக்கிறது. ரயில் ரசிகர்களுக்கு இது பழகிய காட்சிதான். ராயபுரத்தில் மின்சார என்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட் இருக்கிறது. அங்கே பதிவான என்ஜின்கள் நாட்டின் பல மூலைகளுக்கும் ஓடுகின்றன. ஆனால், எக்ஸ்பிரஸ் பிடிக்க ராயபுரத்துக்கு யாரும் போவதில்லை. புறநகர் வண்டி மட்டும் சில நொடிகள் நின்றுவிட்டுப் போகும்.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம் இது. 1856 ஜூன் 28 அன்று மதராஸ் கவர்னர் ஹாரிஸ் பிரபு ஸ்டேஷனைத் திறந்து வைத்தார். ஜூலை 1 அன்று இங்கிருந்து வாலாஜா ரோடுக்கு வண்டி புறப்பட்டது. அதற்கு முன் இந்தியாவில் பயணிகள் ரயில் ஓடிய பாதைகள் இரண்டே இரண்டு: மும்பை – தானே (1853), ஹவுரா – ஹூக்ளி (1854). அந்த இரண்டு ஊர்களிலும் முதன்முதலில் கட்டிய ஸ்டேஷன்கள் இன்று இல்லை. ராயபுரத்தில் தூண்களோடு நிற்கும் கட்டடம் இருக்கிறது. 2005-ல் பழுதுபார்த்துப் புதுப்பித்தார்கள். இன்னொரு கணக்கும் சொல்லலாம். ரயிலுக்குப் பேர்போன ஜப்பானில் முதல் பாதை திறந்தது 1872-ல்தான். ராயபுரம் அதற்கு 16 வருஷம் மூத்தது.

1873-ல் சென்ட்ரல் வந்தது, 1908-ல் எழும்பூர் கட்டடம் வந்தது. ராயபுரம் மெல்ல ஓரம்கட்டப்பட்டது. ஆனாலும் 1922 வரை மதராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம் இங்கேதான் இருந்தது.

சரி, இனி வடக்கே போவோம். சென்ட்ரல் பக்கத்திலுள்ள மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு, ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர்கிற பயணம். சில வண்டிகள் பீச்சிலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாகவும் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். நாம் போகிற தண்டவாளத்தைவிட, பக்கத்தில் பிரிந்து போகிற தண்டவாளங்கள்தான் அதிகம். துறைமுகத்துக்கு ஒன்று. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையில் எண்ணெய் டாங்கர் வேகன்களுக்குச் சில, கன்டெய்னர்களுக்குச் சில. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மதில் சுவருக்குள் நுழைந்து காணாமல் போகிறது.

தண்டையார்பேட்டைக்கு முன்னால் எங்கள் வண்டி நின்றுவிட்டது. நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்த எதிர் சீட் அக்கா, காலுக்கடியில் இருந்த காலி மீன் கூடையை நகர்த்திக்கொண்டே சொன்னார்: “கூட்ஸ் போவுது பாப்பா. உக்காரு, அது போனாத்தான் நம்மள வுடுவான்.” கறுப்பு டாங்கர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. எண்ண ஆரம்பித்து, நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

இந்தப் பாதையில் காத்திருப்பு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டுமல்ல. கொருக்குப்பேட்டை கேட்டில் சைக்கிளோடு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

வ.உ.சி. நகர் தாண்டித் திருவொற்றியூர். தியாகராஜர் – வடிவுடையம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்குவார்கள். 1946-ல் ஒரு சின்னக் கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய தொழில், பிறகு எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனியாக வளர்ந்ததும் இந்த ஊரில்தான். புல்லட் மோட்டார் சைக்கிளின் பழைய தொழிற்சாலையும் இங்கேதான். அடுத்த ஸ்டேஷன் பெயர் விம்கோ நகர். ‘வெஸ்டர்ன் இண்டியா மேட்ச் கம்பெனி’ என்பதன் சுருக்கம்தான் விம்கோ. ஸ்வீடன் நாட்டுக்காரர்கள் தொடங்கிய தீப்பெட்டிக் கம்பெனி அது. அந்தப் பெயர் ரயிலில் தங்கிவிட்டது. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து நீட்டித்த மெட்ரோ வந்தபோது, அந்த ஸ்டேஷனுக்கும் அதே பெயர்தான் வைத்தார்கள்.

கம்பெனிப் பெயரில் ஸ்டேஷன் என்றதும் எனக்கு ஜப்பானின் சுருமி லைன் ஞாபகம் வந்தது. டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே, கடலைத் தூர்த்து உண்டாக்கிய தொழிற்பேட்டையில் ஓடும் சின்ன ரயில் பாதை. 1926-ல் சரக்குக்காகத் தொடங்கி, 1930 முதல் பயணிகளையும் ஏற்றியது. மெயின் லைன் 7 கிலோமீட்டர், கிளைகள் இரண்டு. அசானோ, ஒகாவா என்று அங்கே ஸ்டேஷன்களுக்குத் தொழிலதிபர்களின் பெயர்கள். ஒகாவா கிளையில் காலை, மாலை ஷிஃப்ட் நேரத்துக்குத்தான் வண்டி. இன்னொரு கிளையின் கடைசி ஸ்டேஷன் உமி-ஷிபௌரா. பிளாட்பாரத்துக்குக் கீழேயே கடல் தண்ணீர். வெளியே போகும் வழி நேராக ஒரு தொழிற்சாலைக்குள் போகிறது, ஊழியர் இல்லாதவர்கள் வெளியேற முடியாது. வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காகப் பக்கத்திலேயே ஒரு குட்டிப் பூங்கா போட்டிருக்கிறார்கள்!

நம் பாதைக்கு வருவோம். எண்ணூர் தாண்டியதும் வண்டி கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும். இந்தப் பயணத்தில் மொபைலை ஓரமாக வைக்க வேண்டிய இடம் இது. அகலமான தண்ணீர், தூரத்தில் மீனவர்களின் படகுகள், அதற்குப் பின்னால் வடசென்னை அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். அழகா, பயமா என்று சொல்லத் தெரியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு எண்ணெய்ப் படலம் மிதந்ததும் இந்த முகத்துவாரத்தில்தான்.

பாலம் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர். காமராஜர் துறைமுகத்துக்குக் கிளை பிரிவது இந்தப் பக்கத்தில்தான். எண்ணூர் துறைமுகம் என்ற பெயரில் 2001-ல் திறக்கப்பட்டு, பிறகு காமராஜர் பெயர் சூட்டப்பட்ட துறைமுகம் இது. அப்போதெல்லாம் சென்னைத் துறைமுகத்திலும் நிலக்கரி இறங்கிக்கொண்டிருந்தது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் மாடியில் காயப்போட்ட துணி கறுத்துப்போகும் என்று அந்தப் பகுதிப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். வழக்கு நடந்தது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளக் கூடாது என்று 2011-ல் உயர் நீதிமன்றம் சொன்னது. ராயபுரம் மூச்சு விட்டது. நிலக்கரி எண்ணூருக்கு வந்தது. தூசியை ஓர் ஊரிலிருந்து எடுத்து அடுத்த ஊரில் வைத்தது போலத்தான் எனக்குப் படுகிறது.

துறைமுகத்தில் இறங்கும் கரியில் ஒரு பகுதி கன்வேயரில் பக்கத்து மின் நிலையத்துக்குப் போகிறது. இன்னொரு பகுதி இந்தக் கிளை வழியாக ரயிலேறி மேட்டூர் வரை போகிறது. இந்தப் போக்குவரத்துக்காகவே சென்னை பீச் – அத்திப்பட்டு நான்காவது பாதையை 22.1 கிலோமீட்டருக்கு, 293.40 கோடி ரூபாயில் போட்டார்கள். விம்கோ நகர் மெட்ரோ தொடங்கிய அதே நாளில், 2021 பிப்ரவரி 14 அன்று, அதையும் நாட்டுக்கு அர்ப்பணித்தார் பிரதமர்.

புதுநகர் பிளாட்பாரத்தில் சாப்பாட்டுப் பையோடு ஒரு கூட்டம் இறங்கியது. துறைமுகத்துக்கும் மின் நிலையத்துக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்கள். வாசலில் ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து ஏறி, கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போனார்கள். அவர்கள் போக வேண்டிய திசையில்தான் ரயில் பாதையும் பிரிகிறது. அதில் நிலக்கரிக்கு இடம் உண்டு, ஆளுக்கு இல்லை. ஒகாவா கிளையைப் போலக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு பெட்டி வண்டி விட்டால் என்ன? பாதுகாப்பு, சிக்னல் என்று காரணங்கள் சொல்வார்கள். இருக்கட்டும், கேட்டு வைப்போம்.

இதற்கப்பால் மீஞ்சூர், பொன்னேரி எனப் பச்சை எட்டிப்பார்க்கும். கும்மிடிப்பூண்டியில் மறுபடி சிப்காட் தொழிற்சாலைகள். சில வண்டிகள் ஆந்திராவின் சூளூர்பேட்டை வரைக்கும் போகும்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ராயபுரம், பீச் ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒரு ஸ்டாப். குறைந்தபட்ச டிக்கெட் 5 ரூபாய். அத்திப்பட்டு வரை போவதானால் காலை ஷிஃப்ட் கூட்டம் குறைந்த பிறகு ஏறுங்கள், ஆற்றுப் பாலத்தில் ஜன்னல் கிடைக்கும். திரும்பி வரும்போது நேரம் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கூட்ஸ் வரலாம்.