கூரையைத் துறந்த கார்

காருக்குக் கூரை பிறகு வந்த சமாச்சாரம். 1886ல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டிக்குக் கூரை கிடையாது. 1908ல் அறிமுகமான ஃபோர்டின் மாடல் டி கார்களிலும் பெரும்பாலானவை திறந்தவைதான். மழை வந்தால் துணியை இழுத்து மூடிக்கொள்ள வேண்டியதுதான். மூடிய கார் வசதி படைத்தவர்களுக்கு மட்டுமே.

1920களில் மூடிய கார் மலிவானதும் நிலைமை தலைகீழானது. எல்லோரும் கூரைக்குள் போய்விட, கூரை இல்லாததற்கு மவுசு வந்தது. இல்லாமையே ஆடம்பரமாகிவிட்டது!

இந்த ஆடம்பரத்துக்கு விலை உண்டு. காரின் உடலை இறுக்கிப் பிடிப்பதில் கூரைக்கும் பங்கு இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அடித்தளத்தைப் பலப்படுத்த வேண்டும். எடையும் கூடும், விலையும் கூடும். ஆனாலும் 1965ல் அமெரிக்காவில் சுமார் 5 லட்சம் திறந்த கார்கள் விற்பனையாயின.

பார்ப்பதும் பார்க்கப்படுவதும்தான் திறந்த காரின் கவர்ச்சி. அதுவே ஆபத்தாகவும் முடியும். 1963 நவம்பர் 22ல் டல்லஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டது திறந்த லிங்கன் காரில் போகும்போதுதான். அதன்பின் அமெரிக்க அதிபர்களின் கார்களுக்கு நிரந்தரக் கூரை வந்தது.

சாதாரண மக்களை மாற்றியது வேறு. ஏர்கண்டிஷனர் பரவியது. நெடுஞ்சாலை வேகத்தில் காற்றின் இரைச்சல் தாங்கவில்லை. கார் உருண்டால் தலைக்கு என்ன பாதுகாப்பு என்ற கேள்வியும் எழுந்தது. அரசு தடை போட்டுவிடும் என்று கம்பெனிகள் பயந்தன. தடை வரவே இல்லை. பயமே போதுமானதாக இருந்தது.

1976ல் காடிலாக் எல்டொராடோவை 'கடைசித் திறந்த கார்' என்று விற்றார்கள். பின்னாளில் நல்ல விலை போகும் என்று வாங்கிப் பதுக்கியவர்கள் உண்டு. 1984ல் அதே எல்டொராடோ கூரையின்றித் திரும்பி வந்ததும் ஏமாந்துபோன சிலர் நீதிமன்றப் படியேறினார்கள்.

அதற்கு முன்பே கிரைஸ்லர் தலைவர் லீ அயகோக்கா துணிந்துவிட்டார். நொடித்துப்போகும் நிலையிலிருந்து மீண்டுகொண்டிருந்த கம்பெனி அது. ஒரு லீபாரன் காரின் கூரையை வெட்டியெடுக்கச் சொல்லி, அதைத் தெருவில் ஓட்டிப் பார்த்தார். ஜனங்கள் துரத்தி வந்து விசாரித்தார்கள். இனி ஆராய்ச்சி எதற்கு? 1982ல் கார் விற்பனைக்கு வந்தது. 1989ல் ஜப்பானின் மாஸ்டா கம்பெனி சிறிய மியாட்டாவை இறக்கியது. 2016க்குள் 10 லட்சம் மியாட்டாக்கள் தயாராகிவிட்டன.

இன்று திறந்த கார்கள் மீண்டும் அருகி வருகின்றன. ஆனால் இரங்கல் எழுத யாரும் அவசரப்பட வேண்டாம். கணக்குப் பார்ப்பவருக்குத் திறந்த கார் என்றுமே கட்டுப்படியானதில்லை. மழை விட்ட மாலையில் தலைக்கு மேல் வெறும் வானம் வேண்டும் என்று நினைக்கிறவர் கணக்குப் பார்ப்பதில்லை.