அன்றாடங்காய்ச்சிகளின் கடவுள்

மாசம் இருபத்தைந்து தேதி ஆகிவிட்டால் ஆபீஸில் எல்லோருமே ஆன்மிகவாதிகள்தான். "கடவுள் பாத்துப்பார் சார்!" என்பார்கள். ஒண்ணாம் தேதி சம்பளம் வந்ததும் கடவுளுக்கு ஒரு வாரம் லீவு!

நான் கிண்டல் பண்ணவில்லை. எனக்கு அந்த ஒண்ணாம் தேதியே கிடையாது. பி.காம். முடித்து, கணக்கு எழுதும் வேலையையும் விட்டுவிட்டு, பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். பணம் எப்போது வரும் என்பது தெரியாது. வாடகை மட்டும் அஞ்சாம் தேதி டாணென்று வந்து நிற்கும். அதனால், 'கடவுள் பாத்துப்பார்' என்று சொல்வதற்கும், சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்குவதற்கும் நடுவே எத்தனை தூரம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

யூதர்கள் இந்தத் தூரத்தை எப்போதோ அளந்து வைத்துவிட்டார்கள். கடவுள் இருக்கிறார் என்று நம்புவது, 'எமுனா'. அவர் பார்த்துக்கொள்வார் என்று பாரத்தை இறக்கி வைப்பது, 'பிட்டாஹோன்'. முதலாவது உள்ளவருக்கெல்லாம் இரண்டாவது இருக்கும் என்று கியாரண்டி இல்லை!

மோசேயின் ஐந்து ஆகமங்கள்தான் தோரா. அதை 54 பகுதிகளாகப் பிரித்து, வாரம் ஒரு பகுதி (சில வாரம் இரண்டு) என்று சனிக்கிழமை காலையில் ஜெப ஆலயத்தில் வாசிக்கிறார்கள். வருஷக் கடைசியில் 'சிம்ஹாத் தோரா' பண்டிகை. தோராச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடிப் பாடி, கடைசிப் பகுதியை முடித்த கையோடு மறுபடி ஆதியாகமம்! நாங்கள் மார்ச் 31-ல் கணக்கை மூடி ஏப்ரல் 1-ல் திறப்போம். அவர்களுக்கு அந்த ஒரு ராத்திரி இடைவெளிகூடக் கிடையாது.

பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு நானும் வாரம் ஒரு பகுதியாகப் படித்துப் பார்த்தேன். 'பெஷலாஹ்' என்ற பகுதி எனக்காகவே எழுதிய மாதிரி இருந்தது. எகிப்திலிருந்து தப்பி வந்த ஜனங்கள் வனாந்தரத்தில் பசியால் முணுமுணுக்கிறார்கள். காலையில் பார்த்தால் தரை பூரா மன்னா! ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. அன்றைக்கு வேண்டியது மட்டும். நாளைக்கு ஆகுமே என்று சிலர் எடுத்து வைத்தார்கள். புழு வைத்து நாறிப்போனது. வெள்ளிக்கிழமை மட்டும் டபுள் ரேஷன், அது கெடவில்லை. ஏனென்றால், சனிக்கிழமை ஓய்வு நாள், மன்னா விழாது. இன்றும் ஓய்வு நாள் சாப்பாட்டில் இரண்டு ரொட்டி வைப்பது அந்த ஞாபகத்தில்தான்.

எதற்கு இந்தத் தினக்கூலி? வருஷத்துக்கு ஒரேயடியாகக் கொடுத்தால் என்ன? ரப்பி ஷிமோன் பார் யோஹாயிடம் சீடர்கள் இப்படியே கேட்டதாகத் தல்மூத் சொல்கிறது. அவர் ஒரு கதை சொன்னார். ஒரு ராஜா தன் மகனுக்கு வருஷச் செலவை மொத்தமாகக் கொடுத்தான். மகன் வருஷத்துக்கு ஒரு தடவைதான் அப்பா முகத்தைப் பார்க்க வந்தான். ராஜா அதைத் தினப்படியாக மாற்றினான். மகன் தினமும் வந்தான்! நாலைந்து பிள்ளை பெற்றவனும் அப்படித்தான். நாளைக்கு மன்னா விழாவிட்டால் என்ன கதி என்று தினமும் மேலே பார்ப்பான்.

"அப்ப வேலைக்கே போக வேண்டாமா?" என்கிறீர்களா? மன்னா ஒன்றும் டோர் டெலிவரி ஆகவில்லை சார். காலையில் எழுந்து போய்ப் பொறுக்க வேண்டும்; வெயில் ஏறினால் உருகிவிடும். 11-ம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த பஹ்யா இப்ன் பகூதா, 'இதயத்தின் கடமைகள்' என்ற தன் நூலில் பிட்டாஹோனுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார். அவர் கட்சி இதுதான்: தொழிலைச் செய்; ஆனால், சோறு போடுவது தொழில்தான் என்று நினைத்துவிடாதே.

இதைப் படித்ததால் எனக்குப் பணம் ஒன்றும் சீக்கிரம் வந்துவிடவில்லை. ஆனால், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கால்குலேட்டரை எடுத்து அடுத்த வருஷ ஸ்கூல் ஃபீஸ் வரை கூட்டிப் பார்ப்பது நின்றிருக்கிறது. இன்றைய சோறு ஆச்சா? நாளைக்கு எழுத ஒரு விஷயம் இருக்கா? போதும், லைட்டை அணை!

அதற்காக நிரந்தரமாகத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நம்பிக்கையும் மன்னா மாதிரிதான். நேற்றைய ஸ்டாக் இன்றைக்கு உதவாது. படித்ததையே அவர்கள் ஏன் வருஷா வருஷம் படிக்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது.