நடந்ததா, ஓடியதா?

சென்ற மழைக்காலத்தில் களப்பணிக்காக அந்தமானின் குட்வில் எஸ்டேட்டில் ஒரு தமிழ்க் குடும்பத்தாருடன் தங்கியிருந்தேன். பாட்டி தமிழில் பேசுவார். பேத்தி பாதிக்குமேல் இந்தியில் விடையளிப்பாள். மழை விட்டதும் முற்றத்து ஈரச் சருகிலிருந்து மரவட்டைகள் ஊர்ந்து வரும். நம் பிள்ளைகள் ரயில்பூச்சி என்பார்களே, அவைதாம். பேத்தி அவற்றைக் 'கன்கஜூரா' என்பாள். இந்தியில் அது பூரானுக்குரிய சொல். அவளுக்கோ கால்கள் நிறைய உள்ள எதுவும் கன்கஜூராதான். பொருள்விரிவுக்கு நல்ல சான்று என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு மாலை குளியலறையிலிருந்து "கன்கஜூரா!" என்று கூவினாள். நான் இருந்த இடத்தைவிட்டு எழவில்லை. "ரயில்பூச்சிதான் பாட்டி, எடுத்து வெளியே போட்டுவிடுங்கள்" என்றேன். மரவட்டையைக் கையாலேயே எடுத்தெறியும் பழக்கமுள்ளவர் அவர். வாளிக்குப் பின்னால் நீட்டிய விரலில், ஏறக்குறைய ஒரு சாண் நீளப் பூரான் நஞ்சை இறக்கிவிட்டது. கை முழங்கைவரை வீங்கிற்று. மருத்துவமனைக்குப் போய்வந்த பின்னும் இரண்டு இரவுகள் அவர் உறங்கவில்லை.

கால்களை எண்ணி வைத்த பெயர்கள்மீது அன்றுமுதல் எனக்கு நம்பிக்கையில்லை. 'நூற்றுக்காலி'க்கு நூறு கால்கள் அமைவதேயில்லை. வளர்ந்த பூரானின் கால் இணைகள் ஒற்றைப்படை எண்ணிக்கையிலேயே வரும். நாம் அஞ்சும் பெரிய பூரானுக்குப் பொதுவாக 21 இணைகள். 'ஆயிரங்காலி' என்ற பெயர் மெய்யானதும் 2021-இல்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலத்துக்கடியில் 60 மீட்டர் ஆழத்தில் கிடைத்த மரவட்டையினம் ஒன்றுக்கு 1,306 கால்கள் இருந்தன.

எண்ண நேரமிராது, நடையைப் பார்க்கலாம். மரவட்டைக்குப் பெரும்பாலான கணுக்களில் இரண்டிரண்டு இணைக் கால்கள், உடலுக்கு அடியில். ஆகவே மெல்ல நகரும், தொட்டால் சுருளும். கடிக்காது. ஆனால் அது கசியவிடும் நீர் தோலில் கறைபடுத்தும், கண்ணில் பட்டால் எரியும். பூரானுக்குக் கணுவுக்கு ஓரிணைதான். தட்டை உடலின் இருபுறமும் கால்கள் நீட்டி நிற்கும். வெளிச்சம் பட்டால் பாய்ந்தோடும். அதன் நச்சுக்கொடுக்கு முன்னிணைக் கால்களின் மாற்றுருவமே. 'பூரான் கடித்தது' என்கிறோம். கடிப்பது வாயன்று, கால்!

பக்கத்து வங்காளி வீட்டில் இந்தக் குழப்பம் நேர்ந்திராது. தேள் அவர்களுக்குப் 'பிச்சே', பூரான் 'தெந்துலே பிச்சே'. மரவட்டையோ 'கென்னோ' என்று தனியே நிற்கிறது. காலை விட்டுவிட்டு நஞ்சைக் கொண்டு பிரித்திருக்கிறார்கள். நம்மிடமும் இரு சொற்கள் உள்ளன. 'மரவட்டை'க்குள் அட்டை இருக்கிறது. ஊரும் நடை அதிலேயே தெரிகிறது. பேத்திக்கு அவ்விரு சொற்களையும் சொல்லிக்கொடுத்தேன். அவள் இன்னும் கன்கஜூரா என்றுதான் கூவுகிறாள். பாட்டிதான் இப்போது உள்ளிருந்தே கேட்கிறார்: "நடக்குதா, ஓடுதாடீ?"