பொம்மைக்கு அடியில் ஒரு வருஷம்

கும்பகோணம்,
ஆவணி கடைசி வெள்ளி.

அன்புள்ள தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். குழந்தைக்குத் தசரா லீவு வரப்போகிறது என்று நேற்று போனில் சொன்னாய். நான் சொல்ல நினைத்ததைச் சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் கடிதம்.

நேற்று மத்தியானம் பரணிலிருந்து கொலுப் பெட்டிகளை இறக்கினேன். அம்மா தவறிய வருஷம் என்று போன தடவை நாம் கொலு வைக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷம் அவள் கையால் கட்டி வைத்தது அப்படியே இருந்தது. மூடியைத் திறந்ததும் அந்துருண்டையும் காய்ந்த வேப்பிலையும் கலந்த அந்தப் பழைய வாசனை. அப்பாவின் வேட்டியைக் கிழித்து ஒவ்வொரு பொம்மையையும் சுற்றியிருக்கிறாள், கழுத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுற்று. "மண் பொம்மைக்குக் கழுத்துலதான்டி உயிரு" என்பாளே, ஞாபகம் இருக்கிறதா?

ஈரத்துணி படக்கூடாது, சாயம் போய்விடும் என்று மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். செட்டியார் பொம்மையைத் திருப்பினால், அடியில் பென்சிலால் '1984' என்று எழுதியிருந்தது. அம்மாவின் எழுத்து. அடுத்த பொம்மையைத் திருப்பினேன். '1987, பண்ருட்டி'. சித்தி வீட்டுக்கு மெட்ராஸ் போய்த் திரும்பும்போது பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்வாளே, அந்த மீனாட்சி கல்யாண செட். அதற்குப் பிறகு எனக்குத் தூசி தட்டத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிக் கூடத்தில் வரிசையாக அடுக்கிவிட்டேன்.

வருஷத்துக்கு ஒரு புது பொம்மையாவது கொலுவில் சேர வேண்டும் என்பது வழக்கம்தான். ஆனால் அவள் ஒரு வருஷம்கூட விடவில்லை என்பது எனக்கு நேற்றுதான் தெரிந்தது. 1993, நீ பிறந்த வருஷம்: தவழும் கிருஷ்ணன். 1998, அப்பாவுக்கு வேலை இல்லாமல் போன வருஷம். பெரிய பொம்மை எதுவும் இல்லை. கட்டைவிரல் உயரத்தில் ஒரு களிமண் கிளி. அந்தக் கிளியின் அடியில் வருஷம் எழுத இடம் போதாமல் '98' என்று மட்டும் போட்டிருக்கிறாள். 2020-இல் கடைத்தெருவுக்கே போக முடியவில்லை. பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தை அரைத்துச் சேர்த்து இடித்து, அந்தக் கூழில் தானே ஒரு வாத்து செய்தாள். மூக்கு கொஞ்சம் கோணல். இந்த வருஷம் அந்த வாத்தை முதல் படியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைக்கப் போகிறேன்.

தஞ்சாவூர் ராஜா ராணியும் பத்திரம். அடியில் கனமான களிமண் இருப்பதால் எந்தப் பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடுகின்றன. சாயம்தான் மங்கியிருக்கிறது. செட்டிச்சிக்கு மட்டும் கை விரிசல். பெவிகாலில் சாக்பீஸ் தூளைக் குழைத்து அடைத்து நிழலில் காய வைத்திருக்கிறேன். செட்டியார் கடையில் பரப்பப் பருப்பும் அரிசியும் அளந்து எடுத்து வைத்தாகிவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். "பொம்மையெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும் அக்கா, என் பிளாட்டுல இடம் இல்ல" என்று நீ சொன்னதை நான் யோசித்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் இங்கே இருக்கட்டும். மரப்பாச்சி ஜோடி மட்டும் உன்னிடம் வர வேண்டும். அவற்றின் அடியில் வருஷமே இல்லை. பாட்டி அம்மாவுக்குக் கல்யாணத்தின்போது கொடுத்தது, அதனால் அம்மா எழுதவில்லை போலிருக்கிறது. தாயிடமிருந்து மகளுக்குப் போகிற பொம்மை அது. எனக்கு இரண்டும் பையன்கள். உன் வீட்டில்தானே பெண் குழந்தை இருக்கிறாள்! சின்ன வயதில் கொல்லைத் தொட்டியில் அதை மிதக்கவிடப் பார்த்தோமே, செம்மரம் என்பதால் நேரே அடிக்குப் போய்விட்டது, நீ ஓவென்று அழுதாய். அந்தக் கனம் இப்போதும் கையில் அப்படியே தெரிகிறது. ரவிக்கைத் துணியில் புதுப் பாவாடையும் வேட்டியும் தைத்து வைத்திருக்கிறேன்.

உன் பிளாட்டில் ஒன்பது படி வேண்டாம். டீப்பாய், ஒரு ஸ்டூல், கீழே ஒரு பலகை, மூன்று படி ஆயிற்று. மேலே மரப்பாச்சி. இந்த வருஷத்துப் புது பொம்மையை நீ சன்னபட்டணத்தில் வாங்கு. உங்கள் ஊரிலிருந்து மைசூர் ரோட்டில் அறுபது கிலோமீட்டர்தானே. குழந்தையையும் கூட்டிப்போய்ப் பட்டறையில் நிற்க வை. வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். சுழலும் சூட்டிலேயே அரக்கு உருகி நிறம் ஏறும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அவள் கண் முன்னால் உருவான பொம்மையை அவள் மறக்கமாட்டாள். அடியில் வருஷத்தை அவளையே எழுதச் சொல். எழுத்துக் கோணலாக இருந்தால் இருக்கட்டும், நீ திருத்தாதே.

எத்தனை பொம்மை சேர்ந்தது என்று அம்மா எண்ணியதாக எனக்கு நினைவே இல்லை. எந்த வருஷமும் விட்டுப்போகக்கூடாது என்பதுதான் அவள் கணக்கு. போன வருஷம் ஒன்று விட்டுப்போயிற்று. அதற்குச் சேர்த்து இங்கே நான் ஒன்று வாங்குகிறேன்.

மகாளய அமாவாசைக்கு முந்தின நாளே வந்துவிடுங்கள். கொலுப் பார்க்குக்கு மண் சலித்துத் தாம்பாளத்தில் பரப்பி வைத்திருக்கிறேன், வெந்தயமும் கேழ்வரகும் எடுத்து வைத்தாயிற்று. அமாவாசை சாயங்காலம் தூவினால்தான் நாலாம் நாள் பச்சை தெரியும். பையன்கள் நாங்கள் தூவுகிறோம் என்று குதிக்கிறார்கள். தங்கச்சிப் பாப்பா வந்துதான் தூவுவாள் என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். குழந்தைக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உன் அக்கா