ஸீனும் ஸாதும் பிரிந்து கேட்க வேண்டும்

வீட்டிலிருக்கும் ரெக்கோட் பிளேயரின் காட்ரிஜைப் புதிதாக வாங்காமல் பழையதையே திருத்தியெடுத்தோம் என்று சொன்னால் மூன்று கேள்விகள் வருகின்றன. அப்படியும் செய்யலாமா? எவ்வளவு முடிந்தது? இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் செலவு செய்ய வேண்டுமா? மூன்றாவது கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே எழுந்ததுதான். மூன்றுக்கும் சேர்த்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்ரிஜ் என்பது பிளேயரின் கையின் நுனியில் தொங்கும் சின்னப் பெட்டி. ஊசி அதற்குள்ளேதான் இருக்கிறது. ஊசி என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு வைரத் துணுக்கு. மெல்லிய அலுமினியக் குழாயின் முனையில் அது ஒட்டப்பட்டிருக்கும். தட்டின் வரிப்பள்ளத்தில் வைரம் ஓடும்போது குழாய் அதிரும். அந்த அதிர்வு காந்தத்துக்கும் கம்பிச் சுருளுக்கும் இடையில் மின்னாக மாறும். சாதாரண தர விஞ்ஞானத்தில் மின்காந்தத் தூண்டல் படித்த பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. காந்தத்தை அசைத்தாலும் மின் வரும், சுருளை அசைத்தாலும் வரும்.

காட்ரிஜ்களும் இந்த இரண்டு வகைதான். காந்தம் அசையும் வகையில் ஊசியை மட்டும் கழற்றி வேறொன்றைச் செருகலாம், ஐந்து நிமிட வேலை. சுருள் அசையும் வகையில் அது முடியாது. தலைமயிரை விட மெல்லிய கம்பிச் சுருள் அந்தக் குழாயின் மறுமுனையிலேயே இருக்கிறது. ஊசி தேய்ந்தால் முழுக் காட்ரிஜையும் வீசிவிட்டுப் புதிது வாங்கச் சொல்வார்கள். எங்களுடையது இந்த இரண்டாவது வகை. டெனன் டிஎல்-103. 1960களில் ஜப்பானின் என்.எச்.கே. ஒலிபரப்புக்காக உருவாகி இன்றுவரை தயாரிக்கப்படுகிறது. முழுப் பெட்டியின் நிறையே 8.5 கிராம்தான்.

எங்கள் வாப்பா குவைத்தில் ஒரு வீட்டில் சாரதியாக இருந்தார். வீட்டுக்காரர் சீடி பிளேயர் வாங்கியபோது பழைய செட்டையும் ஒரு பெட்டி தட்டுகளையும் வாப்பாவிடம் கொடுத்துவிட்டார். 1989 இல் வாப்பா ஊருக்குத் திரும்பியபோது மற்றவர்கள் கம்பளியும் டோர்ச்சும் கொண்டுவந்தார்கள், வாப்பா இதைக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் உம்மு குல்தூம் இருந்தார். ஷெய்க் அப்துல் பாஸித்தினதும் ஷெய்க் அல்-ஹுஸரியினதும் கிராஅத் தட்டுகள் இருந்தன. நாகூர் ஹனீபாவை வாப்பா இங்கே வந்து சேர்த்துக்கொண்டார்.

குர்ஆனும் இசைத்தட்டும் ஒன்றாகச் சேர்வது இன்றைய பிள்ளைகளுக்கு வினோதமாக இருக்கலாம். ஆனால் முழுக் குர்ஆனும் முதன்முதலாக ஒலிப்பதிவாக வெளிவந்தது இசைத்தட்டில்தான். 1961 இல் எகிப்தில், ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரியின் குரலில். கசெட்டும் சீடியும் போனும் பிறகு வந்தவை. வாப்பா வெள்ளிக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கிராஅத் போடுவார். தட்டை வெல்வட் துணியால் துடைத்த பிறகுதான் ஊசி இறங்கும். பிள்ளைகள் நாங்கள் அதைத் தொடக்கூடாது.

2018 இல் வாப்பா மௌத்தானார். உம்மா அந்த வழக்கத்தை விடவில்லை. பழுதை முதலில் கண்டுபிடித்தவர் எங்களில் இளையவர். அவர் ஹாபிழ். 2021 நோன்பு காலத்தில் ஒரு நாள் கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து போய் ஊசியைத் தூக்கிவிட்டார். “உம்மா, ஸீனும் ஸாதும் ஒரே மாதிரி ஈக்கி. காரியைச் சொல்லேலா, மெஷின்ல ஏதோ பிழை” என்றார்.

தஜ்வீத் படித்தவர்களுக்குத் தெரியும். ஸாத், ஸாய், ஸீன் மூன்றும் ஸஃபீர் எழுத்துக்கள், விசில் போன்ற ஓசை உள்ளவை. அந்த ஓசை உயர்ந்த அதிர்வெண்ணில் இருப்பது. தட்டில் அது மிக நெருக்கமான, மிகச் சிறிய வளைவுகளாகப் பதிந்திருக்கும். புதிய வைரத்தின் நுனி உருண்டையானது. ஓடி ஓடி அதன் இரு பக்கமும் தட்டையாகிவிடும். தட்டையான பக்கம் சிறிய வளைவுக்குள் நுழையாது. அதனால்தான் ஊசி தேய்ந்ததும் மற்ற எழுத்துக்களுக்கு முன் ‘ஸ’ ஓசை கிழிகிறது. தட்டின் உள்விளிம்பை நெருங்க நெருங்க இது மோசமாகும். சுற்றும் வேகம் மாறுவதில்லை, நிமிடத்துக்கு 33⅓ சுற்றுத்தான். ஆனால் வெளிவிளிம்பில் செக்கனுக்கு ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் ஓடும் ஊசி உள்ளே 20 சென்ரிமீற்றர்தான் ஓடுகிறது. அதே ஓசை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிப் பதிந்திருக்கிறது.

கணக்கும் போட்டுப் பார்த்தோம். வைர ஊசிக்குப் பொதுவாக 1000 மணி நேரம் வரை ஆயுள் சொல்வார்கள். 20 நிமிடப் பக்கம் ஒன்றில் ஊசி 400 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. 1000 மணி நேரத்தில் ஏறக்குறைய 1300 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்கு நேர்கோட்டில் மூன்று தரம் போகும் தூரம், ஒரு தூசியளவு வைரத்தின் நுனியில். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்றால் வருடத்துக்கு 50 மணி நேரம். இருபது வருடத்தில் 1000. எங்கள் ஊசி முப்பது வருடத்தைத் தாண்டியிருந்தது, குவைத்தில் ஓடியது தனி.

தேய்ந்த ஊசி ஓசையைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. தட்டையான பக்கத்தின் ஓரம் உளி மாதிரிக் கூராகிவிடும். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் வரிப்பள்ளத்தின் சுவரைச் சீவும். இதைத் தெரிந்துகொண்ட அன்றே உம்மா பிளேயருக்குத் துணி போட்டு மூடிவிட்டார்.

அடுத்து 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. புதிய காட்ரிஜின் விலை 300 டொலருக்கு மேல். 60,000 ரூபாய்ச் சாமான் இரண்டு மாதத்தில் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டது. நாங்கள் கேஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்றுகொண்டிருந்த காலம் அது. மூத்தவர் கட்டாரிலிருந்து, “நான் வாங்கி அனுப்புறன்” என்றார். இளையவர் மறுத்தார். “ஊர்ல பிள்ளைகளுக்குப் பால்மா இல்ல நானா. கிராஅத் போன்லயும் ஈக்கி. இது இஸ்ராஃப்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. அந்த வருடம் அந்தக் காசு வேறு வீடுகளுக்குப் போனது. அதில் எங்களுக்குள் இரண்டு பேச்சு இருக்கவில்லை. ஆனால் இஸ்ராஃப் என்ற சொல் வீட்டில் தங்கிவிட்டது. சுருள் நல்லது, காந்தம் நல்லது, பெட்டி நல்லது. தேய்ந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுனி. அதற்காக முழுவதையும் வீசுவது மட்டும் இஸ்ராஃப் இல்லையா? இதைக் கேட்டவரும் இளையவர்தான்.

கண்டியில் வாப்பாவுக்குப் பழக்கமான ரேடியோ பாஸ் ஒருவரிடம் கொண்டுபோனோம். சிங்களவர், எழுபதைத் தாண்டியவர். பெரிய கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். “டீச்சர், இதை என்னால் செய்ய முடியாது. செய்வேன் என்று சொல்கிறவனிடமும் கொடுக்காதீர்கள். கம்பி அறுந்தால் எல்லாம் முடிந்துவிடும்” என்றார். காசு வாங்கவில்லை. வெளிநாட்டில் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னவரும் அவர்தான். தனக்குத் தெரியாததைத் தொடாத பாஸ்மார் இப்போது குறைவு.

2023 இல் மச்சான் ஒருவர் இங்கிலாந்துக்குத் திரும்பும்போது கையில் கொடுத்துவிட்டோம். இந்த வேலையை மட்டும் செய்யும் ஒரு சிறிய பட்டறை. இரண்டு வாரத்தில் நுணுக்குக்காட்டியில் எடுத்த படம் வந்தது. வைரத்தின் இரு பக்கமும் கத்தியால் சீவிய மாதிரித் தட்டை. குழாயைத் தாங்கும் றப்பரும் இறுகிப் போயிருந்தது. சுருள் இரண்டும் நலம். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்கள். முன்பு இருந்தது போலவே செய்வதா, அதை விட உயர்ந்ததாகச் செய்வதா?

உயர்ந்தது என்றால், அலுமினியத்துக்குப் பதிலாக மாணிக்கக் கல்லிலோ போரனிலோ செய்த தண்டு, உருண்டைக்குப் பதிலாக விளிம்பு நுணுக்கமான வைரம். நுணுக்கமான வைரம் பழைய ஊசி தொடாத இடத்தைத் தொடும், தேய்ந்த தட்டிலும் சில நேரம் தெளிவு வரும். மூத்தவர் அதையே விரும்பினார். ஆனால் அந்த வைரத்தை மிகச் சரியான கோணத்தில் பொருத்த வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் பலன் இல்லை. உருண்டை நுனி அந்தளவு கறார் இல்லை, சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் அந்தக் கோணம் பார்க்க ஆளில்லை. உம்மாவின் கை நடுங்கும். முன்பு போலவே, அலுமினியமும் உருண்டை வைரமும் என்று எழுதினோம். செலவு புதியதன் விலையில் பாதிக்குச் சற்று மேல். மூவரும் பங்கு போட்டோம். இளையவரும் கொடுத்தார்.

திரும்பி வந்ததும் பாஸே பொருத்தித் தந்தார். சின்னத் தராசில் வைத்து ஊசியின் அழுத்தத்தை 2.5 கிராமுக்குச் சரி செய்தார். முதல் தட்டு ஹுஸரி. இளையவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஸீன் வந்தது, ஸாத் வந்தது. இரண்டும் வேறு வேறாக வந்தன. உம்மாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. “இது வாப்பா போட்ட மாதிரி இல்லயே” என்றார். தேய்ந்த ஓசையே பல வருடமாக அவருக்குப் பழகிப் போயிருந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமைதான், “ஓம், குவைத்திலிருந்து வந்த புதுசுல இப்படித்தான் ஈந்திச்சு” என்றார்.

எல்லாம் திரும்பவில்லை. அப்துல் பாஸித்தின் ஒரு தட்டில் கடைசி மூன்று நிமிடம் இன்னும் கரகரக்கிறது. அங்கே ஸீன் கிழிந்தபடியே இருக்கிறது. அது ஊசியின் குற்றமல்ல, வரிப்பள்ளத்தின் சுவர் சீவுப்பட்டுவிட்டது. காட்ரிஜைத் திருத்தலாம், தட்டைத் திருத்த முடியாது. இந்தப் பதிவை எழுதுவதற்கு உண்மையான காரணம் அதுதான்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் வாப்பாவுடைய, அப்பாவுடைய பிளேயர் ஒன்று இருக்கலாம். ஆசையில் உடனே தட்டைப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஊசியைப் பெரிய கண்ணாடியிலோ நுணுக்குக்காட்டியிலோ பார்க்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ‘ஸ’ ஓசை கிழிந்தால் அன்றே நிறுத்துங்கள். ஊசி கழறும் வகையா என்று பாருங்கள். கழறும் என்றால் அந்த மாதிரிக்கான மாற்று ஊசி இன்றும் கிடைக்கலாம். கழறாத வகை என்றால் பழைய காட்ரிஜைக் குப்பையில் போடாதீர்கள், ஊசி உடைந்திருந்தாலும் சுருள் நல்லதாக இருந்தால் திருத்தலாம். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள். மலிவான காட்ரிஜ் என்றால் புதிது வாங்குவதே இலாபம், அதையும் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் இப்போது தட்டுப் போடுவது இளையவர்தான். உம்மு குல்தூமை அவர் போடுவதில்லை, அது உம்மாவின் வேலை. இரண்டு பேரும் ஊசியை இறக்குமுன் தட்டைத் துடைக்கிறார்கள்.

வாப்பாவுக்காக ஒரு துஆ செய்துகொள்ளுங்கள்.