உமிக்குள் வேர்விடும் ரம்பை

திருச்சி நெ.1 டோல்கேட்டில் துறையூர் பஸ் ஏறினால் மண்ணச்சநல்லூர் வருவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடும். நெல் அவியும் வாசனை. அரிசி ஆலைகளின் ஊர் அது. நான் போனது அரிசிக்காக இல்லை. ஆலை ஒன்றின் பின்சுவரை ஒட்டிய கொல்லையில் பச்சை வலை கட்டி, ஒரு அக்கா செடி பதியம் போடுகிறார். அவரிடம் பாண்டான் கிடைக்கும் என்று ஸ்ரீரங்கத்து நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார்.

"பாண்டானா? மலேசியா வீட்டுக்காரங்க அப்படித்தான் கேப்பாங்க. கொழும்புல இருந்தவங்க ரம்பைம்பாங்க. நம்மூர் ஆளுங்களுக்கு, சோத்துல போடுற எலைன்னு சொன்னாத்தான் தம்பி புரியும்."

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேராக விமானம் போகிறது. சுற்றுவட்டாரத்தில் அங்கே உறவு இல்லாத தெரு குறைவு. திரும்பி வருகிறவர்கள் நாக்கையும் மாற்றிக்கொண்டு வருகிறார்கள். நாசி லெமாக்குக்குப் பாண்டான் வேண்டும், லக்சாவுக்குக் கெசும் இலை வேண்டும், தொம்யாமுக்கு எலுமிச்சைப்புல்லும் லிமாவ் பூருட் இலையும் வேண்டும். அந்தத் தேவைதான் இந்தக் கொல்லை.

அக்காவும் துணைக்கு இருக்கும் இன்னொரு பெண்ணும் முன்பு ஆலைக் களத்தில் நெல் துழாவியவர்கள். உலர்த்தும் இயந்திரம் வந்ததும் அந்த வேலை சுருங்கிவிட்டது. வேலை போனாலும் உமி விடவில்லை. இங்கே பை நிரப்புவதும் கருக்கின உமியால்தான். ஒரு கைப்பிடி அள்ளிக் காட்டினார்: "கருப்பா, உமி உருவம் கலையாம இருக்கணும். வெள்ளையா நீறாப் போனதைப் போட்டா எலை மஞ்சளாயிடும்." முழுக்க எரிந்த சாம்பலில் காரம் அதிகம். கருகின உமியில் தண்ணீர் தேங்காது, காற்று ஓடும், வேர் அழுகாது. அதையும் இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசியபிறகே மணலும் மட்கின சாணமும் கலக்கிறார்.

பாண்டான் ஒரு விசித்திரமான செடி. நம்முடைய தாழைக்குச் சொந்தம். தாழைக்கு மணம் பூவில், முள் இலையில். இதற்கு மணமே இலையில்தான். முள் இல்லையென்றே சொல்லலாம். பாஸ்மதியை மணக்கவைக்கும் அதே 2-அசிட்டைல்-1-பைரோலின்தான் இந்த இலையிலும் இருக்கிறது. ஆனால் பூப்பது அரிதிலும் அரிது. பெண் பூவைக் கண்டதாகப் பதிவே இல்லை. விதை இல்லாத செடி உலகின் பாதியைச் சுற்றியிருக்கிறது என்றால், ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் பக்கக்கன்றைப் பிய்த்து அடுத்தவர் கையில் கொடுத்திருக்கிறார் என்றுதான் அர்த்தம்.

அக்கா பிய்ப்பதில்லை. தாய்ச்செடியின் அடியில் இலைகளை விலக்கி, தண்டிலிருந்து வெள்ளையாக வேர் நீட்டிய கன்றாகத் தேடுகிறார். வேர் இல்லாததைத் தொடுவதே இல்லை. கத்தியால் ஒரே வெட்டு. வெட்டுவாய் காய ஒரு நாள் நிழலில் போட்டுவைக்கிறார். இலைகளைப் பாதியாக நறுக்குகிறார். நறுக்குவது எனக்கு வலித்தது, விலை இலைக்குத்தானே! "வேர் புடிக்கிற வரைக்கும் இத்தனை எலைக்கு அது எங்க போயி தண்ணி எடுக்கும்?" என்றார்.

எலுமிச்சைப்புல் எளிது. மலேசியத் தமிழர் செரை என்பது இதைத்தான். தூரைப் பிரித்து, ஒரு சாண் விட்டு மேலே வெட்டி, காய்ந்த மட்டையை உரித்து நட்டால் போதும். கெசும் இன்னும் எளிது. ஆற்றலரிக் குடும்பம், தண்ணீரில் நிறுத்தினாலே சில நாளில் கணுவில் வேர் விடும். தாய்லாந்துத் துளசிக்காக யாரும் அலைய வேண்டாம். அது நம் திருநீற்றுப்பச்சையின் இனமேதான், மணத்தில் மட்டும் சோம்பு தூக்கலாக இருக்கும்.

கைத்திறன் தெரிவது எலுமிச்சை இனமான லிமாவ் பூருட்டில். தடித்த காம்பு, ஓர் இலையின் நுனியில் இன்னோர் இலை ஒட்டியதுபோல இரட்டை இலை. வெட்டி நட்டால் லேசில் வேர் பிடிக்காது. கிளையில் ஓர் அங்குலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, உள்ளே வழுவழுப்பாக இருக்கும் பச்சையை நகத்தால் சுரண்டுகிறார். அதை விட்டுவிட்டால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. பிழிந்த தென்னை நார்க்கழிவை வைத்து, பாலித்தீன் சுற்றி, இரு முனையையும் சணலால் இறுக்குகிறார். இரண்டு மாதம் கழித்துப் பாலித்தீனுக்குள் வெள்ளை வேர் தெரிந்தால் வெட்டி இறக்கலாம். "பத்துல ஆறு வந்தா நல்ல கை. கத்திரி வெயில்ல கட்டினா ஒண்ணும் வராது." பட்டுப்போகும் நாலுக்கும் சேர்த்துத்தான் ஒரு செடியின் விலை. பேரம் பேசுகிறவர்கள் அந்த நாலை நினைப்பதில்லை.

இங்கே ஒரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினரிடம் சொல்லி, ஈரச் செய்தித்தாளில் சுற்றிய பாண்டான் கன்றைப் பெட்டியில் கொண்டுவரச் செய்தேன். மொட்டை வெயிலில் வைத்து ஊற்று ஊற்றென்று ஊற்றினேன். பத்தாம் நாள் குருத்தைத் தொட்டதும் கையோடு வந்தது. அது அழுகியது நல்லதுதான். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அனுமதியும் நோயில்லாச் சான்றும் இல்லாமல் நடவுச்செடி கொண்டுவரக் கூடாது. எலுமிச்சை இனக் குச்சியோடு வரும் நோய் எத்தனை தோப்புகளை அழிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"இதெல்லாம் வெளிநாட்டுச் செடி, நம்ம மண்ணுக்கு ஒத்து வருமான்னு கேக்கறாங்க" என்றார் அக்கா. சுவருக்கு அப்பால் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது பொன்னி அரிசி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986இல் வெளியிட்ட வெள்ளைப் பொன்னி, மலேசியாவில் 1965இல் வெளியான மசூரி நெல்லின் வழியில் வந்தது. மசூரிக்குப் பெற்றோர் தைவானின் தைச்சுங் 65, மலாயாவின் மாயாங் எபோஸ் 80. இதைச் சொன்னேன். அக்கா சிரித்தார். "அப்ப சோறும் அங்கேருந்துதான் வந்துச்சா? எலை வந்தா என்னவாம்!"

ஒரு பாண்டானும் ஒரு செரைத் தூரும் வாங்கிவந்தேன். காலை வெயில் மட்டும் படும் இடத்தில் பாண்டான் நிற்கிறது. நாலாம் மாதம் அடியில் ஒரு பக்கக்கன்று வெளிவந்தது. இன்னும் வேர் நீட்டவில்லை. எதிர்வீட்டில் இப்போதே சொல்லிவைத்துவிட்டார்கள்.